வேடிக்கைக்கும் விபத்துக்கும் நடுவே சில மீட்டர்

தெருவை விட்டு மைதானத்துக்குப் பட்டாசைக் கொண்டுபோனால் மட்டும் ஆபத்து தீர்ந்துவிடாது. 'நிறுத்து' என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும்.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளி. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு பட்டாசுக் கடையில் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. சில நிமிடங்களில் கடையும் கிடங்கும் வெடித்துச் சிதறின. அன்றே 14 பேர் பலி. சிகிச்சை பலனின்றிப் பின்னர் இறந்தவர்களும் உண்டு. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து பண்டிகைக் காலத்தில் நாலு காசு சம்பாதிக்க வந்த இளைஞர்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்.

அடுத்த சில நாட்களில், அரசியல் நிகழ்ச்சிகள், ஊர்வலங்கள், திருமணங்களில் பட்டாசுக்குத் தடை என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார். தடை போடுவது எளிது. வெற்றி ஊர்வலத்தில் சரவெடியைக் கொளுத்தும் கையைப் பிடிப்பதுதான் கடினம்.

உச்ச நீதிமன்றம் வேறொரு வழியையும் காட்டியிருந்தது. தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்று சொன்ன 2018 அக்டோபர் தீர்ப்பிலேயே, குறிப்பிட்ட பொது இடங்களில் மக்கள் கூடி வெடிக்கும் முறையை ஊக்குவிக்க முடியுமா என்று பார்க்கும்படி கூறியது. யோசனை நல்லதுதான். நூறு தெருக்களில் காவல் நிற்க முடியாத தீயணைப்பு வண்டி ஒரு மைதானத்தில் நிற்க முடியும். ஆனால் அந்த மைதானம் ஆபத்தோடு கூட்டத்தையும் ஓரிடத்தில் சேர்த்துவிடுகிறது. அதைச் சரியாக நடத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் இரண்டு முறை காட்டிவிட்டது.

2016 ஏப்ரல் 10 அதிகாலை. கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயில் திருவிழாவில் வாணவேடிக்கையின் நெருப்பு, வெடிகளை அடுக்கி வைத்திருந்த கான்கிரீட் அறையில் விழுந்தது. கட்டடமே குண்டாக மாறியது. நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது என்பதுதான் கொடுமை. மறுப்பு காகிதத்தில் இருந்தது. மைதானத்தில் அதைச் செயல்படுத்த ஆளில்லை.

2024 அக்டோபர் 28 நள்ளிரவில் காசர்கோடு மாவட்டம் நீலேஸ்வரத்திலும் இதே கதை. தெய்யம் பார்க்கக் கூடியவர்களின் அருகிலேயே பட்டாசுக் கொட்டகை. அதன் பக்கத்திலேயே வெடி. 150 பேருக்கு மேல் காயம், சிலர் இறந்தார்கள். அதே மாதம்தான் மத்திய அரசு தன் திருத்த விதிகளில், சரக்கு வைக்கும் இடத்துக்கும் வெடிக்கும் இடத்துக்கும் இடையே 200 மீட்டர் தூரம் வேண்டும் என்று சொல்லியிருந்தது.

ஆக, கவனிக்க வேண்டிய தூரங்கள் மூன்று. சரக்குக்கும் நெருப்புக்கும் நடுவே உள்ள தூரம் முதலாவது. நெருப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே உள்ளது இரண்டாவது. இதற்குக் கயிறு போதாது, தடுப்பு வேண்டும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மக்களை நிறுத்தக் கூடாது. வாணக் குழல்கள் சாயாதபடி மணலில் ஆழப் புதைக்கப்பட வேண்டும். வெடிக்காத வாணத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. காத்திருந்து தண்ணீரில் நனைத்த பிறகே தொட வேண்டும்.

மூன்றாவது, கூட்டத்துக்கும் வாசலுக்கும் உள்ள தூரம். இதைப் பெங்களூருவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981 பிப்ரவரி 7 அன்று இங்கே வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தபோது தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடிய வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அங்கே நெருப்பே இல்லை. நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஹோலிக்கு முந்தைய இரவு காமதகனத்துக்கு மூட்டும் நெருப்புக்கும் இதே கணக்குதான். மின்கம்பிக்குக் கீழேயோ நிறுத்திய வண்டிகளுக்கு அருகிலேயோ விறகு அடுக்கக் கூடாது. டயர் கூடாது. மங்கும் நெருப்பில் பெட்ரோல் ஊற்றுவது தற்கொலைக்குச் சமம். ஆவி பற்றிக்கொண்டு ஊற்றுகிறவர் கைக்கே தீ திரும்பி வரும். பாட்டும் ஆட்டமும் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தணலுக்குக் காவலாக யாராவது இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் காயம் படலாம். தீபாவளி வாரத்தில் நகரின் மின்டோ அரசு கண் மருத்துவமனைக்கு வருகிறவர்களில், தாங்கள் வெடி வைக்காமல் வேடிக்கை பார்த்தவர்களும் வழியோடு போனவர்களும் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கண்ணில் அடிபட்டால் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். மையும் பற்பசையும் வேண்டாம்.

பொது வாணவேடிக்கைக்கு 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் தேவை. போலீஸ், தீயணைப்புத் துறை, மாநகராட்சி என்று ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து விழுகிறது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தானது, மேசைகளும் கூடிவிட்டன. ஆனால் நிகழ்ச்சி நடக்கும் இரவில் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். காற்று திரும்பினால், தடுப்பு சரிந்தால், வாசல் அடைபட்டால், அமைப்பாளரையோ மேடையில் இருக்கும் பிரமுகரையோ கேட்காமல் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். அவர் பெயர் நுழைவாயிலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

புற்றிங்கலில் இல்லாமல் போனது அந்த ஓர் ஆள்தான்.