பள்ளிப் பிள்ளைகளின் உணவும் அரசாங்கத்தின் பணமும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். நிகர லாபப் பங்கீடு ஆலோசனைக்கு வந்தபோது முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் மத்தியான உணவுக்குச் சர்க்கார் கையை எதிர்பார்ப்பானேன்? நம் பொது நல நிதியிலிருந்தே கொடுத்துவிடலாகாதா?" என்று வினவினார். சுயஉதவியே கூட்டுறவுக்கு ஆணிவேர் என்று ஊர்தோறும் சொல்லிவரும் எனக்கு உடனே விடை கூற நா எழவில்லை. இத்திட்டத்தின் பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பின்னரே விடை விளங்கியது. ஆதலின் அதனை அங்கத்தினர்கள் யாவரும் அறிய இங்கே எழுதுகிறேன்.

சென்னை நகரசபை, சர் பி. தியாகராய செட்டியார் தலைமையில், 1920ஆம் ஆண்டு ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. செட்டியார் தேவாங்க நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நம்மவர்க்கு உவகை தரும் செய்தி. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் இது விரிவடைந்தது. பிள்ளைகளின் வருகையும் பெருகியது. எனினும் 1925இல் திட்டம் நின்றுபோயிற்று. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அன்றைய ஆங்கில அரசாங்கம் தடுத்ததே காரணம். பயன் கண்கூடாகத் தெரிந்தும், எந்தக் கணக்கில் எழுதுவது என்ற ஒரு வினாவால் பிள்ளைகள் பட்டினியாயினர். தணிக்கை செய்யும் தொழிலிலுள்ள எனக்கு இது சற்று உறுத்தவே செய்கிறது.

1956இல் காமராசர் முதலமைச்சராயிருந்தபோது தொடங்கிய மதிய உணவுத் திட்டம், நம் முதியவர் விரும்பிய வழியிலேயே நடைபெறலாயிற்று. அப்போது பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் இதற்குப் பெரிதும் உழைத்தார். ஊரார் நெல்லும் காய்கறியும் காசும் கொடுத்தனர். ஊர்க் குழு சமைத்துப் போட்டது. 1957 முதல் அரசாங்கமும் பங்கு ஏற்றது. ஒரு வேளை உணவுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கிட்டு, அதில் ஆறு பைசாவை அரசாங்கமும் நான்கு பைசாவை ஊராரும் தரவேண்டும் என்பது ஏற்பாடு.

நான்கு பைசா பெரிய தொகையா என்று கேட்கலாம். விளைச்சல் கண்ட ஊருக்கு அது பெரிதன்று. மழை பொய்த்த ஊரிலோ, நூல் கிடைக்காமல் தறி நின்ற ஊரிலோ அதுவே மலையாகிவிடும். எந்த ஆண்டில் பிள்ளைகளுக்கு அந்தச் சோறு மிகவும் வேண்டுமோ, அந்த ஆண்டிலேதான் ஊராரின் களஞ்சியமும் காலியாயிருக்கும். செழித்த ஊரின் பிள்ளை உண்ண, வறண்ட ஊரின் பிள்ளை பார்த்திருக்கும். இது ஊராரின் மனக்குறையன்று; ஒரே ஊருக்குள் சுற்றும் நிதியின் குறை. நம் சங்கங்களிலும் ஒரு கிராமம் முழுவதும் நலிந்தால் உள்ளூர்ச் சங்கத்தால் மட்டும் தாங்க முடிவதில்லை. மத்திய வங்கியை நாடுகிறோமல்லவா? மாநிலம் முழுவதிலும் திரட்டும் வரிப்பணம் ஊருக்கு ஊர் உள்ள ஏற்றத்தாழ்வை நிரவவல்லது.

1982 ஜூலை முதல் நாள் எம். ஜி. ராமச்சந்திரன் ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஊராரின் பங்கை நம்பியிருக்கவில்லை. 1995இல் மத்திய அரசாங்கம் நாடு தழுவிய திட்டம் கொணர்ந்தது. பல மாநிலங்களில் சமைத்த உணவுக்குப் பதிலாகத் தானியமே கொடுக்கப்பட்டு வந்தது. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவே வழங்குமாறு ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் எட்டாம் வகுப்பு வரை அது பிள்ளையின் உரிமை. இப்போது சமையல் செலவில் பொதுவாக மத்திய அரசாங்கத்துக்கு அறுபது பங்கு, மாநிலத்துக்கு நாற்பது பங்கு. பழைய ஆறும் நான்கும் மீண்டும் வந்தது போலத் தோன்றும். ஆனால் அந்த நாற்பதைக் கொடுப்பது தனியொரு கிராமம் அன்று. 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம் மாநில அரசாங்கத்தின் செலவிலேயே வந்தது.

இனி நம் தொழிலைத் தொடும் செய்தி ஒன்று. அரசாங்கம் தரும் விலையில்லாச் சீருடை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு உரியது. அதன் துணியைக் கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களே நெய்கின்றன. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. 2012-13 முதல் பிள்ளைக்கு நான்கு செட்டு. ஆகவே பள்ளிச் சத்துணவுப் பதிவேட்டின் எண்ணிக்கை நம் தறிகளுக்கு வரும் தேவையையும் நிர்ணயிக்கிறது. வசதியுள்ள அங்கத்தினர் சிலர் தம் பிள்ளைகளைச் சத்துணவில் சேர்ப்பது கௌரவக் குறைவு என்று எண்ணுகிறார்கள். அவ்வாறு எண்ண வேண்டியதில்லை.

அப்படியாயின் பொது நல நிதிக்கு வேலையே இல்லையா என்று அம்முதியவர் கேட்பார். உண்டு. மழை பொய்த்தாலும் ஓர் ஆண்டு தள்ளிப்போடக்கூடிய செலவுகளை அது ஏற்கட்டும். உணவுக்கூடத்துக்குக் குடிநீர்த் தொட்டி, பிள்ளைகள் உட்கார நெய்த ஜமக்காளம், கூரை ஒழுகினால் செப்பனிடும் கூலி ஆகியவை அத்தகையன. அடுத்த மகாசபைக்கு அவ்வூர் நிர்வாகக் குழு இவற்றின் உத்தேச மதிப்பைத் தயாரித்துவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது.