ரக்ஸ் செய்து தருபவருக்குப் பரீட்சை இல்லை

ஒன்ராறியோவில் கூலிக்கு முடி வெட்டுவதென்றால் சான்றிதழோ பயிலுநர் பதிவோ வேண்டும். சிறு வழக்குகளில் வாதாடும் பராலீகல், சட்டச் சங்கத்தின் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். குடிவரவு ஆலோசகர்களைக் கண்காணிக்க 2021இல் தனி அமைப்பே தொடங்கப்பட்டது. ஆனால் உங்கள் சின் நம்பர், சம்பளம், பிள்ளைகளின் விபரம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கையில் வாங்கி, காசுக்கு வருமான வரிப் படிவம் நிரப்பித் தருபவர் எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. ஒரு கணினியும் ஒரு மென்பொருளும் இருந்தால் மார்ச் மாதத்தில் யாரும் கடை திறக்கலாம்.

“அவரிடம் ஈஃபைல் நம்பர் இருக்கிறதே” என்று பலர் சொல்வார்கள். ரிட்டர்னை மின்வழியாக அனுப்ப உதவும் அந்த நம்பரைக் கொடுக்குமுன் கனடா வருவாய் முகமை, அதாவது சி.ஆர்.ஏ., அவர் தன் வரியை ஒழுங்காகக் கட்டினாரா, மோசடிக் குற்றம் புரிந்தவரா என்று பார்க்கும். அவருக்கு வரிச் சட்டம் தெரியுமா என்று பார்க்காது. வரிப் படிவம் தயாரிப்பவர்களைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றை 2014இல் சி.ஆர்.ஏ. முன்வைத்தது, அது நடைமுறைக்கு வரவே இல்லை. அவுஸ்திரேலியாவில் பதிவு பெற்ற முகவர் மட்டுமே இந்த வேலைக்குக் கட்டணம் வாங்கலாம். இந்தியா 2006இல் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றளிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்க வரித் துறை 2011இல் தகுதித் தேர்வைக் கொண்டுவந்தது. அதற்கு அந்தத் துறைக்கு அதிகாரம் இல்லை என்று 2013இல் நீதிமன்றம் தடுத்துவிட்டது. கனடாவிலும் இப்படித் தகுதியும் பதிவும் கேட்பது சட்டமாக வரவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வரும்வரைக்கும் தவறின் விலையைக் கொடுப்பவர் நீங்கள்தான்.

பிழை யார் விட்டாலும் வரியும் வட்டியும் உங்கள் தலையில்தான் விழும். தெரிந்தோ மிகுந்த அலட்சியத்தாலோ பொய்க் கணக்குக் காட்டியதாக சி.ஆர்.ஏ. கருதினால், அதனால் குறைந்த வரியில் பாதியை அபராதமாகவும் விதிக்கலாம். பொய்யான செலவு காட்டி 6,000 டொலர் வரி மிச்சம் பிடித்திருந்தால், அந்த 6,000, அபராதம் 3,000, அதற்குமேல் நாளுக்கு நாள் கூடும் வட்டி.

“எனக்குத் தெரியாது, அவர்தான் செய்தார்” என்ற பதில் எடுபடுமா? ஃபிஸ்கல் ஆர்பிட்ரேட்டர்ஸ் என்ற குழு, இல்லாத வியாபாரத்தில் பெரும் நட்டம் என்று காட்டி, சாதாரண சம்பளக்காரருக்குப் பெரிய ரிஃபண்ட் வாங்கித் தருவதாக ஆள் சேர்த்தது. வாடிக்கையாளர்கள் வரி நீதிமன்றம் போனார்கள். வியாபாரமே செய்யாதவர் வியாபார நட்டம் எழுதிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதும், விளங்காத இடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காததும் கண்ணை மூடிக்கொண்டதற்குச் சமம் என்று 2013இல் நீதிமன்றம் தீர்த்து, அபராதத்தை உறுதி செய்தது. அந்தக் குழுவை நடத்தியவர்களில் ஒருவருக்கு 2016இல் ஆறு ஆண்டுச் சிறை கிடைத்தது. அதனால் வாடிக்கையாளரின் கடன் ஒரு சதமும் குறையவில்லை.

மோசடி ஒரு பக்கம். எனக்கு அதைவிடக் கவலை தருவது அறியாமை. நம்மவர் பலருக்குக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாடகைக்கு விட்ட வீடு உண்டு. வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த அடக்கவிலை 1,00,000 கனடிய டொலரைத் தாண்டினால், டி1135 என்ற படிவத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். தாய் தகப்பன் விட்டுச் சென்ற வீடென்றால், அது உங்களுக்குச் சேர்ந்த நாளின் சந்தை மதிப்பே அடக்கவிலை. நீங்கள் மட்டும் போய்த் தங்கும் வீடு இதில் சேராது. படிவம் பிந்தினால் நாளுக்கு 25 டொலர், உச்சம் 2,500. இது ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனி. “ஊரில் சொத்து ஏதும் இருக்கிறதா?” என்று கேட்காமல் பத்து நிமிடத்தில் ரக்ஸை முடித்துத் தருபவர் இந்தச் சட்டத்தை அறியாதவராகவே இருக்கலாம். ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவியைப் ‘பிரிந்தவர்’ என்று போட்டுப் பிள்ளைகள் காசைக் கூட்டித் தருகிறேன் என்பவரோ அறிந்தே செய்கிறார். அந்தக் காசை சி.ஆர்.ஏ. ஒருநாள் மொத்தமாகத் திருப்பிக் கேட்கும்.

மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே சிலவற்றைப் பார்த்துவிடலாம். வருடத்தில் ஐந்து பேருக்கு மேல் ரக்ஸ் செய்து தருபவர் மின்வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஈஃபைல் நம்பர் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். அனுப்புமுன் டி183 என்ற தாளில் உங்கள் கையெழுத்தை வாங்குவது சட்டம். அதில் 15000ஆம் வரியில் மொத்த வருமானம் இருக்கும். உங்கள் டி4 துண்டோடு ஒப்பிடுங்கள். 48400 ரிஃபண்ட், 48500 நீங்கள் கட்ட வேண்டியது. வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே செய்ததுபோல நெட்ஃபைலில் அனுப்பிவிடுகிறேன் என்பவர் தன் பெயர் எங்கும் பதியாமல் பார்த்துக்கொள்கிறார். அப்படிப்பட்டவரிடமிருந்து உங்கள் பத்திரங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

ரிஃபண்டை அங்கேயே கையில் தருபவருக்கும் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. முதல் 300 டொலரில் 85 வீதமும் மிச்சத்தில் 95 வீதமும் உங்களுக்குச் சேர வேண்டும். 1,000 டொலர் ரிஃபண்டில் அவர் எடுக்கக்கூடியது ஆகக்கூடியது 80 டொலர். முதியவர்கள் உட்பட வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூக நிலையங்களில் தொண்டர்கள் இலவசமாகவே ரக்ஸ் செய்து தருகிறார்கள்.

பிழை நடந்துவிட்டதென்று தெரிந்தால், சி.ஆர்.ஏ. கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சி.ஆர்.ஏ.யின் மை அக்கவுண்ட் என்ற இணையக் கணக்கில் போய்ப் பத்து வருடம் வரையான பழைய ரிட்டர்னைத் திருத்தக் கேட்கலாம். பெரிய விஷயமென்றால் தானாக முன்வந்து வெளிப்படுத்தும் திட்டம் இருக்கிறது. விசாரணை தொடங்குமுன் போனால் அபராதத்தில் சலுகை எதிர்பார்க்கலாம். அதே மை அக்கவுண்டில் உங்கள் பிரதிநிதியாக யார் பதிவாகியிருக்கிறார், எந்த வங்கிக் கணக்கு இருக்கிறது என்றும் பாருங்கள்; பழைய ஆளின் பெயரை நீங்களே நீக்கலாம்.

மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வந்து அது தவறென்று நினைத்தால், அதிலுள்ள திகதியிலிருந்து 90 நாளுக்குள் ஆட்சேபணை கொடுங்கள். மிகுந்த அலட்சியம் என்று அபராதம் போட்டால் அதை நிரூபிக்கும் சுமை சி.ஆர்.ஏ.யுடையது, இந்த உரிமை பலருக்குத் தெரியாது. ஆட்சேபணை தோற்றால் வரி நீதிமன்றம் உண்டு. சர்ச்சைத் தொகை வருடத்துக்கு 25,000 டொலருக்குள் என்றால் எளிய நடைமுறையில், வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

செய்து தந்தவர் சி.பி.ஏ. என்ற பட்டயக் கணக்காளர் என்றால் சி.பி.ஏ. ஒன்ராறியோவில் முறையிடலாம். அந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொள்ள உறுப்பினரல்லாதவருக்கு உரிமை கிடையாது; அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே தேடிப் பார்க்கலாம். உறுப்பினரல்லாதவர் மீது முறையிட இப்படி ஒரு சங்கம் இல்லை. மோசடி என்றால் சி.ஆர்.ஏ.க்குத் தகவல் கொடுக்கலாம். உங்கள் நட்டத்தை மீட்க சிறு கோரிக்கை நீதிமன்றம்தான் வழி. நட்டம் தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு வருடத்துக்குள் வழக்கைப் போட வேண்டும். அங்கே நீதிபதி முதலில் கேட்பது ரசீது. ரொக்கமாகக் கொடுத்தாலும் பெயர், விலாசம், திகதி, கட்டணம் எழுதிய ரசீதும் அனுப்பிய ரிட்டர்னின் முழுப் பிரதியும் கைக்கு வராமல் அந்தக் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.