மேல்சபைக்கு ஐந்து வாசல், மலைக்கு எத்தனை சாவி?

வாங்க, வாங்க, சத்தம் போடாமல் வாங்க! இன்றைக்கு நாம் எட்டிப் பார்க்கப்போவது இப்போது இல்லவே இல்லாத ஒரு சபையின் கொல்லைப்புறத்தை. தமிழ்நாடு சட்ட மேலவை. ஊர் வாயில் மேல்சபை. 1986 நவம்பர் 1-ஆம் தேதி இழுத்து மூடினார்கள். கோட்டையில் நின்று பார்த்தால் அதன் பந்தாதான் கண்ணில் படும். சூட்சுமம் பிடிபட வேண்டுமா? 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலைச் செம்மேட்டில் நின்று பாருங்கள்.

முதல் ரகசியம்: மேல்சபைக்கு ஊர் ஜனம் ஓட்டே போட முடியாது! அரசமைப்புச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு அதற்கு ஐந்து வாசல் வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் அனுப்புவார்கள், இன்னொரு மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சிக்காரர்கள். பட்டதாரிகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஆசிரியர்களுக்கும் அதே அளவு. மிச்சம் ஆளுநர் நியமனம்.

மலையில் 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று பேரிலேயே ஒவ்வொன்றும் ஒரு நாடு. அத்தனை நாட்டுக்கும் சேர்த்து எம்.எல்.ஏ. ஒருவர்தான், பழங்குடியினருக்கு ஒதுக்கிய சேந்தமங்கலம் தொகுதிக்காரர். ஒரு சாவி அவர் கையில். அடுத்தது ஒன்றியக் கவுன்சிலர்கள். பட்டதாரி என்றால் பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். ஆசிரியர் என்றால் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் கடந்த ஆறு வருடத்தில் மூன்று வருடமாவது பாடம் நடத்தியிருக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு மலைக்கிராமத்துக்கு வரும் தொடக்கப் பள்ளி டீச்சருக்கு, பாவம், அந்த வாசல் கிடையாது. மிளகுக்கொடி ஏற்றுகிறவர், சாமை விதைக்கிறவர், பலா அறுக்கிறவர் எல்லோரும் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் வி.ஐ.பி.க்களுக்கு? அடேயப்பா! 1952 பொதுத்தேர்தலில் ராஜாஜி நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்தார். ராஜாஜி முதலமைச்சர் ஆனார். இவர் நம் ஏரியாக்காரர் வேறு. 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். அண்ணா 1967-ல் தென்சென்னையில் ஜெயித்தது நாடாளுமன்றத்துக்கு. முதலமைச்சர் ஆனபின் அவரும் மேல்சபை வழியாகத்தான் வந்தார். எம்.ஜி.ஆர். 1962-ல் எம்.எல்.சி.; கருணாநிதி 1984-ல் எம்.எல்.சி. காவிரிக்கரை மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையும் அங்கே உறுப்பினராக இருந்தவர்தான். கோட்டைக்குள் இருக்கும் பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு அவர் பேர்தான். மேல்சபை போய்விட்டது, கவிஞர் மாளிகை நிற்கிறது!

சரி, நாற்காலியில் யார் யார்? இந்தச் சபைக்கு டாக்டர்கள் என்றால் தனிப் பிரியம். அது ஒற்றைச் சபையாக இருந்த காலத்திலேயே, 1927-ல், துணைத் தலைவராக அமர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1937-ல் கீழ்ச்சபை, மேல்சபை என்று இரண்டானபோது மேலே முதலில் உட்கார்ந்தவர் டாக்டர் யு. ராமராவ். ‘ஆன்டிசெப்டிக்’ என்று மருத்துவப் பத்திரிகையே நடத்தியவர்! 1952-லிருந்து 1964 வரை பி.வி. செரியன், அவரும் டாக்டர். பிறகு மாணிக்கவேலர், சி.பி. சிற்றரசு.

கடைசித் தலைவர்தான் என் கட்சி. ம.பொ.சி. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர், சிலப்பதிகாரத்தைக் கரைத்துக் குடித்தவர். பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித்தனி வாசல் வைத்த சபையில், 1978-லிருந்து மூடுகிற வரைக்கும் மணி அடித்து “உட்காருங்கள்” என்று சொன்னவர் இவர்! இந்த ஒரு காட்சிக்காகவே அந்தச் சபையை நான் மன்னிப்பேன்.

அதிகாரம் பற்றி அதிகம் கேட்காதீர்கள். நிதி மசோதாவை 14 நாள் வைத்துக்கொள்ளலாம். மற்ற மசோதாவை மூன்று மாதம், திரும்பி வந்தால் இன்னும் ஒரு மாதம். பிறகு கீழ்ச்சபை சொன்னதுதான்.

மூடுவிழா? 1986-ல் ஒரு நடிகையை நியமித்தார்கள். கடன் வழக்கு ஒன்று குறுக்கே வந்தது, நியமனம் நின்றது. மே 14-ஆம் தேதி, சபையே வேண்டாம் என்று பேரவையில் தீர்மானம். அது மட்டும்தான் காரணமா என்று அரசியல் தெரிந்தவர்கள் இன்னமும் கண்ணடிக்கிறார்கள். இதில் பெரிய வேடிக்கை, 169-ஆம் பிரிவின்படி மேலவையைக் கலைக்க மேலவையின் சம்மதமே தேவையில்லை. பேரவை தீர்மானம் போட்டு நாடாளுமன்றம் சட்டம் செய்தால் முடிந்தது.

பிறகு நடந்தது பிங்பாங். 1989-ல் தி.மு.க. ஆட்சி “வேண்டும்” என்றது, 1991-ல் அ.தி.மு.க. ஆட்சி “வேண்டாம்”. 1996 வேண்டும், 2001 வேண்டாம். 2010-ல் மறுபடி வேண்டும், அந்த மே மாதமே நாடாளுமன்றம் சட்டமும் போட்டது. 2011-ல் ஆட்சி மாறி மறுபடி வேண்டாம்! பக்கத்துக் கர்நாடகத்தில் 75 பேர் ஜோராக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆந்திரம் 1985-ல் கலைத்ததை 2007-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

2010 கணக்கை மட்டும் காதோடு சொல்கிறேன். மொத்தம் 78 இடம்: எம்.எல்.ஏ. வாசலில் 26, உள்ளாட்சியில் 26, பட்டதாரி 7, ஆசிரியர் 7, நியமனம் 12. நியமனத்துக்கு இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை, கூட்டுறவு இயக்கம் என்று தகுதி வைத்திருக்கிறார்கள். டெல்லி மாநிலங்களவை நியமனத்தில்கூட இல்லாத சங்கதி இந்தக் கூட்டுறவு. மலைவாழ் மக்களுக்கான லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கத்தில் மிளகு எடை போடுகிறவரே, என்றைக்காவது சபை திரும்பி வந்தால் உம்ம பேரை நான் முன்மொழிகிறேன். ஆளுநர் மாளிகைக்கு மனு எழுத ஒரு கை வேண்டும், யார் வருகிறீர்கள்?