சொன்னதை மட்டும் செய்யும் தேனீ

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் பல இடங்களில் ஒரு தேனீ கண்ணில் படும். மஞ்சளும் கறுப்புமான பிளாஸ்டிக் உடல், அடியில் சக்கரம், முதுகில் ஏழு பொத்தான்கள். முன்னே போக, பின்னே வர, இடப்பக்கம் திரும்ப, வலப்பக்கம் திரும்ப என நான்கு அம்புக்குறிகள். சற்று நின்று போக ஒன்று, பழையதை அழிக்க ஒன்று. நடுவில் இருப்பது 'போ' என்ற பொத்தான். பீ-பாட் என்பது இதன் பெயர். டி.டி.எஸ். என்ற பிரிட்டிஷ் கல்விப் பொருள் நிறுவனம் 2000-களின் நடுவில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஒரு முறை முன்னே அழுத்தினால் 15 சென்டிமீட்டர் நகரும். திரும்பச் சொன்னால் 90 பாகை திரும்பும். தொடக்கத்தில் வந்த பீ-பாட் 40 கட்டளைகள் வரை நினைவில் வைத்துக்கொண்டது. அம்புக்குறிகளை வரிசையாக அழுத்திவிட்டுக் கடைசியில் 'போ'வைத் தட்டினால் எல்லாவற்றையும் அதே வரிசையில் செய்து முடித்து, கண்ணைச் சிமிட்டி ஓர் ஒலி எழுப்பும். திரை கிடையாது, இணையம் கிடையாது. டிஜிட்டல் கருவி என்றதும் டேப்லெட்டையும் காணொளியையும் நினைப்பவர்களுக்கு இது வெறும் பொம்மையாகத் தெரியலாம். ஆனால் நிரல் எழுதுவது என்றால் என்ன என்பதன் அடிப்படை முழுவதும் இதற்குள் இருக்கிறது.

வேடிக்கை அது தவறிப்போகும்போதுதான் தொடங்குகிறது.

தரையில் 15 சென்டிமீட்டர் கட்டங்கள் போட்ட விரிப்பு. தேனீ நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கட்டம் முன்னே, ஒரு கட்டம் வலப்பக்கம் பூ இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை முன், முன், வலம் என்று அழுத்திவிட்டுப் 'போ'வைத் தட்டுகிறது. தேனீ இரண்டு கட்டம் போகிறது, நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான். பூ இருக்கும் கட்டத்துக்குள் அது நுழையவே இல்லை. வலது அம்பு என்றால் 'வலப்பக்கம் போ' என்று பிள்ளை நினைத்தது. தேனீயோ அதை 'வலப்பக்கம் திரும்பு' என்று மட்டுமே எடுத்துக்கொண்டது. இந்தக் கருவியைக் கையாளும் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பிள்ளை விடுவதாயில்லை. ஒரு 'முன்' குறைந்துவிட்டது என்று கண்டுபிடித்து, அதை அழுத்தி மறுபடி 'போ'வைத் தட்டுகிறது. இப்போது இன்னொரு கூத்து. பழைய கட்டளைகளை அழிக்காததால் அவை அப்படியே நினைவில் இருக்கின்றன. புதிய 'முன்' அவற்றின் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. வலப்பக்கம் பார்த்து நிற்கும் தேனீ அங்கிருந்து இரண்டு கட்டம் ஓடி, பூவைத் தாண்டி, மறுபடி திரும்பி, இன்னொரு கட்டமும் போய் விரிப்பை விட்டே வெளியேறுகிறது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. தேனீ பிழை செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. பிழை எங்கே என்று தேடுவது பிள்ளையின் வேலை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கணினிப் பாடத்திட்டம், ஐந்து முதல் ஏழு வயதுக்குள் எளிய நிரலை உருவாக்கவும் அதிலுள்ள பிழையைக் கண்டு திருத்தவும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் படிக்கும்போது மலைப்பாக இருக்கிற இந்த வாக்கியம் தரையில் நடப்பது இப்படித்தான்.

இந்தத் தேனீயின் பாட்டன் ஓர் ஆமை. 1940-களின் இறுதியில் பிரிஸ்டல் நகரில் வில்லியம் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். அவை வெளிச்சத்தைத் தேடித் தாமாகவே ஊர்ந்தன. ஆனால் அவை பள்ளிக்கூடத்துக்கானவை அல்ல. ஆமையைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்தவர்கள். 1967-இல் வாலி ஃபோயர்சிக், சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் சிறுவர்களுக்கென்றே லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். முதலில் அது சொற்களையும் வாக்கியங்களையும் வைத்து விளையாடும் மொழியாகத்தான் இருந்தது. சில ஆண்டுகளில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அதற்கு ஓர் ஆமை சேர்ந்தது. குவிந்த முதுகு, நடுவில் ஒரு பேனா. பெரிய கணினியிலிருந்து கம்பி வழியாகக் கட்டளை வர, காகிதத்தின் மேல் ஊர்ந்து கோடு இழுக்கும்.

பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயுடன் பணியாற்றியவர். குழந்தை அறிவை வாங்கிக்கொள்வதில்லை, தானே கட்டிக்கொள்கிறது என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. ஆமையிடம் அவர் கண்ட சிறப்பு, பிள்ளை தன் உடம்பை அதன் இடத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்பது. வட்டம் எப்படி வரைவது என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லாமல், "நீயே ஆமையாகி நடந்து பார்" என்று அனுப்பிவிடலாம். பிள்ளை ஓர் அடி வைக்கும், கொஞ்சம் திரும்பும், இன்னோர் அடி வைக்கும், இன்னும் கொஞ்சம் திரும்பும். அதையே கட்டளையாக எழுதினால் வட்டம் வந்துவிடும். ஆரமும் விட்டமும் தெரியாத வயதில் வட்டத்துக்கு ஓர் இலக்கணம் கிடைத்துவிடுகிறது. 1980-இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் பேப்பர்ட் இதையெல்லாம் விரிவாக எழுதி உலகம் முழுக்கப் புகழ் பெற்றார்.

ஆனால் லோகோவில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளை என்ன செய்யும்? இதற்கு விடை தேடியவர் அவ்வளவாகப் பேசப்படாத ஒருவர், ரேடியா பெர்ல்மன். 1970-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்தபோது, பள்ளிக்கே போகாத மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்காக ஆமையை இயக்கும் கருவிகளைச் செய்தார். (பிற்காலத்தில் கணினி வலையமைப்புகளில் தகவல் ஒரே வட்டத்தில் சுற்றிச் சிக்கிக்கொள்ளாமல் காக்கும் நெறிமுறையை வடிவமைத்தவரும் இவரே. இன்று இவர் பெயரைச் சொன்னால் பொறியாளர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும்.)

அவர் முதலில் செய்தது பொத்தான் பெட்டி. முன், பின், திரும்பு என்று அழுத்தினால் ஆமை உடனே செய்யும். 'நினைவில் வை' என்று அழுத்திவிட்டு, பிறகு மொத்தமாகவும் செய்யச் சொல்லலாம். உடனுக்குடன் செய்வது குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது. நினைவில் வைப்பதுதான் பிடிபடவில்லை. காரணம் எளியது: நினைவில் போனது கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்து அவர் செய்த கருவிக்குச் செருகுபெட்டி என்று பெயர் வைக்கலாம். நீளமான பெட்டி, அதன் மேல் வரிசையாகச் செருகுவாய்கள். ஒவ்வொன்றிலும் படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகலாம். ஓர் அட்டை ஒரு கட்டளை. ஓரத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் இடமிருந்து வலமாக ஒவ்வொரு அட்டையாக நிறைவேறும். எந்த அட்டை நடக்கிறதோ அந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். ஆமை தப்பான பக்கம் திரும்பும் அந்த நொடியில் எந்த விளக்கு எரிந்தது என்று பார்த்தால் போதும். அந்த அட்டையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். இது மட்டுமல்ல, ஒரே மாதிரி பெட்டிகள் வெவ்வேறு நிறங்களில் இருந்தன. ஒரு பெட்டியில் சிவப்பு அட்டையைச் செருகினால், 'சிவப்புப் பெட்டியில் இருப்பதை எல்லாம் செய்துவிட்டு வா' என்று பொருள். கல்லூரி மாணவர்களே முதலில் விழி பிதுங்கும் துணைநிரல் என்ற கருத்தை நான்கு வயதுக் குழந்தையின் கைக்குள் வைத்துவிட்டார் பெர்ல்மன். குழந்தைகளோடு செய்யும் வேலை என்பதால் தன்னை அறிவியலாளராக மதிக்க மாட்டார்களோ என்ற தயக்கத்தில் அவர் இதைத் தொடராமல் விட்டது பெரிய இழப்பு.

இப்போது மறுபடி மஞ்சள் தேனீயைப் பாருங்கள். அழுத்திய கட்டளைகள் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய் மறைந்துவிடுகின்றன. பொத்தான் பெட்டியின் அதே குறை! விவரம் தெரிந்த ஆசிரியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அம்புக்குறி அட்டைகளை முதலில் தரையில் வரிசையாக அடுக்கச் சொல்வார்கள். ஒரு பிள்ளை அட்டையைத் தொட்டுச் சொல்ல, இன்னொன்று பொத்தானை அழுத்தும். பெர்ல்மனின் பெயரைக் கேட்டிராமலே அவருடைய அட்டைகளுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

கட்டளை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற அந்த எண்ணத்தைத் திரைக்குள் கொண்டுபோனது ஸ்கிராட்ச் ஜூனியர். எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. கட்டளைகள் சொற்களாக இருந்ததால் படிக்கத் தெரிந்தாக வேண்டும். ஐந்து முதல் ஏழு வயதுக்காக அதே குழுவும், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரினா பெர்ஸ் நடத்திய ஆய்வுக் குழுவும், பிளேஃபுல் இன்வென்ஷன் என்ற நிறுவனமும் சேர்ந்து 2014-இல் இலவசச் செயலியாக ஸ்கிராட்ச் ஜூனியரைக் கொண்டுவந்தன.

இதன் ஒவ்வொரு சின்ன முடிவுக்குப் பின்னாலும் ஓர் ஆறு வயதுப் பிள்ளை நிற்கிறது. கட்டளைகள் வண்ணத் துண்டுகள். அவற்றின் மேல் எழுத்தே இல்லை, படம்தான். நகர்வதற்கு நீலம், ஒலிக்குப் பச்சை, முடிவுக்குச் சிவப்பு. பெரிய ஸ்கிராட்சில் துண்டுகள் மேலிருந்து கீழாக அடுக்கப்படும். இங்கே இடமிருந்து வலமாக, அந்த வயதில் எழுத்துக்கூட்டிப் பழகும் அதே திசையில். வலது அம்பைத் தொட்டால் திரையில் நிற்கும் பூனைப் பாத்திரம் நேராக வலப்பக்கம் நகர்ந்துவிடும். தேனீயிடம் படும் திரும்பும் தொல்லை இல்லை. சுழலச் சொல்லத் தனித் துண்டு உண்டு. அதில் 12 என்று போட்டால் பூனை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். 360 என்ற எண் அறியாத பிள்ளைக்குக் கடிகாரத்தின் 12 தெரியுமே! நிரல் ஓடும்போது நடக்கிற துண்டு பளிச்சென்று வேறுபட்டுத் தெரியும். பெர்ல்மனின் விளக்கு! பிள்ளை உருவாக்கும் ஒரு கதைக்கு அதிகபட்சம் நான்கு பக்கங்கள்தான். தன் குரலைப் பதிந்து பூனையின் வாயில் வைக்கலாம், தான் வரைந்ததையே பாத்திரமாக்கலாம். பக்கங்களுக்கு வரம்பு வைத்தது நல்ல முடிவு என்று சொல்ல வேண்டும். முடிவே இல்லாத கருவி ஒன்றாம் வகுப்புக்கு ஆகாது.

திரையே வேண்டாம் என்பவர்களுக்கு மரினா பெர்ஸின் ஆய்விலிருந்தே கிபோ என்ற ரோபோ பிறந்தது. பட்டைக்குறி ஒட்டிய மரத்துண்டுகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றாக ரோபோவின் ஒளிக்கண் முன் காட்டினால் அது படித்துக்கொள்ளும்.

இப்படி நிரல் எழுதுவதால் பிள்ளைகள் உண்மையில் கெட்டிக்காரர்கள் ஆகிறார்களா? கேள்வி பழையது, சண்டையும் பழையது. 1984-இல் நியூயார்க்கின் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் ஆகியோர் லோகோ கற்ற பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்களுடைய திட்டமிடும் திறன் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடிவிடவில்லை என்றார்கள். அதே ஆண்டில் டக்ளஸ் கிளெமென்ட்ஸ், டொமினிக் கல்லோ ஆகியோர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேரை இரண்டாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். ஒரு பாதி லோகோவில் நிரல் எழுதியது. மறு பாதி கணினியில் ஆயத்தப் பாடங்களைச் செய்தது. நிரல் எழுதியவர்கள் அவசரப்படாமல் யோசிப்பதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேடுவதிலும் முந்தினார்கள். பதினெட்டுப் பேரை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் அந்த ஆய்வு பிரித்துக் காட்டியது கவனிக்கத்தக்கது: இரண்டு குழுக்களின் கையிலும் இருந்தது கணினிதான், செய்த வேலைதான் வேறு. 2023-இல் சுவீடன் அரசு மழலையர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவிகள் கட்டாயம் என்ற விதியைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தபோது எழுந்த வாதங்களில், விரலால் தள்ளிக்கொண்டே பார்ப்பதும் தானே ஒன்றைச் செய்வதும் ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டன. அது நியாயமான கணக்கு அல்ல.

கருவி வாங்க வழியில்லாத பள்ளிக்கு ஒரு சாக்பீஸ் போதும். நொண்டி விளையாட்டுக்குப் போடுவதுபோல் தரையில் கட்டம் போட்டு, ஒரு பிள்ளையை ரோபோவாக நிறுத்தி, மற்றவர்கள் அம்பு அட்டைகளை அடுக்கலாம். 'அட்டையில் உள்ளதை மட்டும் செய்' என்பது ஒன்றே விதி. சிக்கல் என்னவென்றால், மனித ரோபோவுக்கு இரக்கம் உண்டு. தோழி தப்பான அட்டையை வைத்துவிட்டாள் என்று தெரிந்தால், தானாகவே சரியான கட்டத்துக்குள் கால் வைத்துவிடும். பிழையும் கண்ணில் படாமல் போய்விடும். கண்ணைக் கட்டிவிடுவது ஒரு வழி. அப்போதும் சுற்றி நிற்கிற பிள்ளைகள் "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கத்துவதைத் தடுக்க எந்த ஆசிரியராலும் ஆகாது.