வன்தட்டு தரும் முன்னறிவிப்பு

ஓசூர் சாலையிலே, பொம்மசந்திராத் தொழிற்பேட்டைக்கு அண்மையில் உள்ளது சந்தாபுரா. தொழில் நாடி இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், சொந்த ஊரின் நிலப் பத்திர நகல்களையும், மக்களின் மதிப்பெண் சான்றுகளையும், மறைந்த பெரியோரின் முகத்தையும் குரலையும் இன்று வீட்டுக் கணினியிலேயே பேணி வருகின்றன. ஆதலின், அவற்றைத் தாங்கி நிற்கும் வன்தட்டின் நலிவை உணர்ந்துகொள்ளுதல் இல்லத்தார்க்கு இன்றியமையாததாகும்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 50 தட்டுகள் இருந்தன. அடங்கியவையோ 50 லட்சம் எழுத்துகளே. இன்றைய வன்தட்டு கையில் அடங்குவது. எனினும் தத்துவம் ஒன்றே. நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், அதனைத் தொடாமலே ஒரு முனை மிதந்து சென்று எழுதவும் படிக்கவும் செய்கிறது. அவ்விடைவெளி தூசியினும் நுண்ணியது. எனவே, வீட்டில் மூடியைத் திறந்து பார்த்தல் ஒருபோதும் கூடாது.

கோப்புகள் திறக்க நெடுநேரமாதல், கணினி இடையிடையே உறைந்து நிற்றல், படங்கள் சிதைந்து தோன்றுதல் ஆகியன நோயின் குறிகள். ‘டிக் டிக்’ என்ற ஓசை எழுமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்துக. இயங்க இயங்கச் சேதம் மிகும்.

ஓசையின்றி வேகம் மட்டும் குறைந்திருப்பின் காரணம் வேறாகவும் இருக்கலாம். வன்தட்டு தன் நிலையைத் தானே குறித்து வைக்கும். அக்குறிப்பு முறைக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்னும் இலவச மென்பொருள் அதனைப் படித்துக் காட்டும். அதில் 05 என்பது பழுதுற்று மாற்றிடம் பெற்ற பகுதிகளையும், சி5 என்பது படிக்க இயலாது ஐயத்தில் நிற்பவற்றையும், சி6 என்பது திருத்த இயலாதவற்றையும் குறிக்கும். இவ்வெண்கள் நாளுக்கு நாள் ஏறுமாயின் தட்டின் முடிவு நெருங்கியதெனக் கொள்ளலாம். சி7 மட்டும் ஏறினால், பெரும்பாலும் குற்றம் தட்டினுடையதன்று, இணைப்புக் கேபிளுடையது. கேபிளை மாற்றியபின் அவ்வெண் குறையாது, ஏறாமல் நிற்கும்.

2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். சோதனையில் முதற்பிழை காட்டிய தட்டு, பிழை காட்டாத தட்டைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் கெடுவதற்கு 39 மடங்கு வாய்ப்புண்டு எனக் கண்டனர். ஆனால், கெட்டுப்போன தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிகளில் ஒன்றையேனும் காட்டவில்லை! ‘நலம்’ என்ற சொல்லை நம்பி வாளாவிருத்தல் தகாது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, ஐயம் எழுந்தவுடன் முதலில் படியெடுத்தல் வேண்டும். பழுது நீக்கும் முயற்சி பின்னரே. தட்டைச் சீராக்கும் கட்டளைகள் அதன் ஒவ்வொரு பகுதியையும் படிக்கச் செய்து, தளர்ந்த தட்டை மேலும் தளர்த்தக்கூடும். மீண்டும் பெறவியலாத படங்களும் பத்திரங்களும் முந்துக, திரைப்படங்கள் பிந்துக. படிகள் இரண்டாக இருத்தல் நன்று. ஒன்று இல்லத்தில் இருக்கட்டும். மற்றொன்றை, அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது உறவினர் வீட்டுப் பெட்டியில் வைத்து வருக.