வைட்டமின் 'டி': எவ்வளவு போதும்?

முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு திரும்புவோரின் அறிக்கையில் அண்மைக் காலமாகத் தவறாமல் இடம்பெறுகிறது, 'வைட்டமின் டி குறைவு' என்ற வரி. அதைத் தொடர்ந்து வீட்டுக்கு வருவது, 60,000 சர்வதேச அலகுகள் கொண்ட மாத்திரை அல்லது பாலில் கலந்து குடிக்கும் பொடி. ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 600 அலகுகள் மட்டுமே. அப்படியானால், அந்த ஒற்றை மாத்திரைக்குள் இருப்பது 100 நாள்களுக்கான வைட்டமின்.

வாரம் ஒன்று வீதம் எட்டு வாரங்களுக்கு மருத்துவர் எழுதித் தரும்போது, குறைபாடு உள்ளவருக்கு அது நல்ல மருந்துதான். சீட்டின் காலம் முடிந்த பின்னரும் கடையில் கேட்டு வாங்கித் தொடர்வதும், 'வாரம் ஒன்று' என்பதை 'நாள் ஒன்று' எனப் புரிந்துகொள்வதும்தான் எனக்குக் கவலை அளிக்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, வைட்டமின் 'டி'-க்கு மூன்று எண்களைத் தருகிறது. சராசரித் தேவை 400 அலகுகள். ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும். பரிந்துரைக்கப்பட்ட அளவு 600. ஏறத்தாழ அனைவரின் தேவையும் இதற்குள் அடங்கிவிடும். மருத்துவக் கண்காணிப்பின்றித் தாண்டக் கூடாத உச்சவரம்பு 4,000. வாரம் ஒரு 60,000 அலகு மாத்திரையை முடிவின்றி விழுங்குபவரின் தினசரிக் கணக்கோ 8,500-ஐத் தாண்டுகிறது. அவர்கள் எல்லோருக்கும் நஞ்சேறிவிடும் என்பதல்ல. அவர்களைக் கண்காணிக்க யாரும் இல்லை என்பதே சிக்கல்.

வைட்டமின் 'சி'-யைப் போல இது சிறுநீருடன் எளிதில் வெளியேறுவதில்லை. கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்குகிறது. குடல் உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்ச உதவுவது இதன் பணி. மிதமிஞ்சினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், மனக்குழப்பம் எனத் தொடங்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். மாத்திரையை நிறுத்தினாலும் பாதிப்பு பல வாரங்கள் நீடிக்கும். வெயிலால் இந்த நிலை வருவதில்லை. தேவைக்கு மேல் உருவாவதைத் தோலே பயனற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. மாத்திரைக்கு அத்தகைய கடிவாளம் கிடையாது.

பிரிட்டனில் 1950-களில், குழந்தைகளுக்கான பால் பொடியிலும் தானிய உணவிலும் தாராளமாக வைட்டமின் 'டி' சேர்க்கப்பட்டது. சில குழந்தைகளின் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து அபாயகரமாக உயர்ந்ததைத் தொடர்ந்து, 1957-இல் அந்த அளவு குறைக்கப்பட்டது. என்புருக்கி நோயைத் தடுக்கும் நல்ல நோக்கத்துடன் தொடங்கிய முயற்சி அது.

(நரம்புக்கு நல்லதென்று பலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் வைட்டமின் 'பி6'-உம் அளவு மீறினால் நரம்பையே தாக்கும். கை, கால் மரத்துப்போவதற்காக அதை விழுங்குபவருக்கு, அதனாலேயே மரத்துப்போவது தெரியாமல் போகக் கூடும்.)

'குறைவு' என்ற முத்திரையையும் சற்று ஆராய வேண்டும். ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்றது அமெரிக்க மருத்துவ நிறுவனம். 30 வேண்டும் என 2011-இல் கூறிய அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், 2024-இல் அந்த எல்லையைக் கைவிட்டது. ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமான சோதனையாக இதைச் செய்ய வேண்டியதில்லை என்றும் கூறிவிட்டது. ஆயினும், 30-க்குக் கீழ் உள்ள எதையும் பற்றாக்குறை என அச்சிடும் ஆய்வக அறிக்கைகளை இன்றும் காண்கிறேன். 24 எனக் காட்டும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குபவர்கள் பலர்.

மாத்திரை உறையில் 'வாரம் ஒரு முறை மட்டும்' எனத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுவது நிறுவனங்களுக்குப் பெரும் செலவல்ல. அதுவரை, மருத்துவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள சத்து மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையிலும் பலசத்து மாத்திரையிலும்கூட வைட்டமின் 'டி' பெரும்பாலும் கலந்தே இருக்கிறது.