மேலே ரெண்டு போர்வை இருந்தும் ஹேமக்கில் முதுகு விறைப்பது ஏன்?

லாங் வீக்கெண்ட் வந்தால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கிளம்பும் நண்பர்களின் பைகளில் இப்போது ஹேமக்கும் இடம்பிடிக்கிறது. ரெண்டு மரத்துக்கு நடுவில் கட்டினால் படுக்கை ரெடி. பகலில் அதில் படுத்து எடுக்கும் போட்டோவும் அழகாகத்தான் வரும். சிக்கல் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கும். ஸ்லீப்பிங் பேக், அதன் மேல் கம்பளி, தலையில் குல்லா எல்லாம் இருக்கும். ஆனால் முதுகும் இடுப்பும் ஐஸ் கட்டி மேல் படுத்த மாதிரி விறைத்துப் போகும்.

‘இன்னொரு போர்வை எடுத்து வந்திருக்கலாமே’ என்று அப்போது தோன்றும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் இந்தக் குளிர் போகாது. அது வருவது கீழேயிருந்து.

கீழேயிருந்து குளிர் எப்படி ஏறுகிறது?

போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது, இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கி நிற்கும் காற்று. ஸ்லீப்பிங் பேக் உப்பலாக இருப்பதும் அதற்காகத்தான். நாம் படுத்ததும் அதன் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடுகிறது. உள்ளே இருந்த காற்று போனால், குளிரைத் தடுக்கும் சக்தியும் போச்சு.

கட்டிலில் படுத்தால் மெத்தை காப்பாற்றும். ஹேமக்கில் முதுகுக்குக் கீழே இருப்பது மெல்லிய நைலான் துணி, அதற்கும் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் காற்று. சூடான காபியை ஊதி ஆற்றுகிறோம் இல்லையா? அதே வேலையை மலைக்காற்று ராத்திரி முழுக்க நம் முதுகில் செய்கிறது.

ஹேமக் பிறந்ததே வெப்பமண்டலத்தில்தான். 1492-ல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளுக்குப் போனபோது, அங்குள்ள மக்கள் அதில் தூங்குவதை ஐரோப்பியர்கள் பார்த்தார்கள். அடியில் காற்று ஓடுவது அந்த ஊருக்கு வரம். நம் வீட்டுத் தூளியும் அதே ரகம்தான். வெயில் காலத்தில் குழந்தைக்கு வெறும் பருத்திப் புடவையே போதும். மார்கழியில் பாட்டிமார் என்ன செய்வார்கள்? குழந்தைக்கு அடியில் ஒரு துணியை மடித்துப் போடுவார்கள். ஹேமக்கிலும் தீர்வு அதேதான்.

அடியில் என்ன போடலாம்?

சிறந்த வழி ‘அண்டர்குயில்ட்’. ஹேமக்கின் வெளிப்பக்கம், அடியில் தொங்கவிடும் உப்பலான போர்வை இது. வெளியே தொங்குவதால் நம் எடை அதை நசுக்காது. ஆனால் ஹேமக்கை ஒட்டியபடி இருக்க வேண்டும். தலைமாட்டிலோ கால்மாட்டிலோ இடைவெளி விட்டால், அதன் வழியே குளிர்காற்று புகுந்துவிடும். இறுக்கிக் கட்டினாலும் நசுங்கிவிடும்.

அது இல்லையா? கேம்பிங்குக்கு விற்கும் ஃபோம் மேட் போதும். இது எடையில் அவ்வளவாக நசுங்காது. நழுவுவதுதான் தொல்லை. அதனால் மேட்டை ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளேயோ, இரட்டை அடுக்கு ஹேமக் என்றால் ரெண்டு துணிக்கு நடுவிலோ சொருகுங்கள். ஹேமக் தோளைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் என்பதால், தோள் பக்கம் குறுக்காக இன்னொரு துண்டு மேட் வைப்பது நல்லது.

அடுத்தது காற்றுத் தடுப்பு. தார்ப்பாயைத் தாழ்வாக, காற்று வரும் பக்கத்தை மறைக்கும்படி கட்டுங்கள். பனி, மழை இரண்டிலிருந்தும் அது காப்பாற்றும்.

எங்கே கட்டுவது?

சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குவது சாதாரணம். தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் பூஜ்ஜியத்தைத் தொட்டு உறைபனியே விழும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியும் வேண்டாம், காற்று அடிக்கும் உச்சியும் வேண்டாம். நடுச்சரிவில், காற்றுக்கு மறைவான இடம் பாருங்கள். வனப்பகுதியில் அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் டிகிரியை நம்பலாமா?

‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று மூன்று அளவுகள் இருக்கும். நிம்மதியாகத் தூங்க ‘கம்ஃபர்ட்’ எண்ணை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்புவதற்கான அளவு, தூக்கத்துக்கானது இல்லை. மேலும் இந்த அளவுகள், அடியில் மேட் இருக்கிறது என்ற கணக்கில் சோதிக்கப்படுபவை.

படுக்கும் முன் என்ன செய்யணும்?

பகலில் வியர்த்த உடைகளை, முக்கியமாகப் பருத்தி பனியனையும் சாக்ஸையும் மாற்றுங்கள். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வயிறு நிறைய சாப்பிடுங்கள். உடம்புக்கு அதுதான் எரிபொருள். மூடி இறுக்கமான பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பி, சாக்ஸுக்குள் போட்டு கால்மாட்டில் வைத்துக்கொள்ளலாம். முகத்தைப் போர்வைக்குள் புதைக்க வேண்டாம். மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும்.

‘ஒரு பெக் போட்டா சூடாயிடும்’ என்பது ஆபத்தான நம்பிக்கை. மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். தோல் சூடான மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் சூடு வேகமாக வெளியேறும். டென்ட்டுக்குள்ளோ, மூடிய அறையிலோ கரி அடுப்பு வைத்துத் தூங்குவது இன்னும் மோசம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

எப்போது ஆபத்து?

உடம்பின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அதுதான் ஹைப்போதெர்மியா. அதற்கு உறைபனி தேவையில்லை. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் 10 டிகிரியிலும் வரலாம். கட்டுப்படுத்த முடியாத நடுக்கம், பேச்சுக் குழறல், நடை தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். நடுக்கம் தானாக நின்று, ஆள் மந்தமானால் ‘சரியாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். நிலைமை முற்றுகிறது என்று அர்த்தம். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த போர்வையால் சுற்றி, காற்றில்லாத இடத்துக்குக் கொண்டு போங்கள். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. எங்கே கிடைக்கிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

அந்த நிலைமை வரை போகாமல் இருக்க ஒரு எளிய வழி உண்டு. ராத்திரி குளிர் தாங்கவில்லை என்றால் ஹேமக்கை விட்டு இறங்கிவிடுங்கள். பக்கத்தில் அறை இருந்தால் அங்கே போங்கள். இல்லாவிட்டால் நண்பரின் டென்ட்டில் மேட்டைத் தரையில் விரித்துப் படுங்கள். விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.